டாங்கருக்குப் பின்னால் சில நிமிடங்கள்: சிமுலேற்றரில் வானில் எரிபொருள் நிரப்பப் பழகுதல்

1990களின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் மோட்டார் சைக்கிள் ஓடியவர்கள் பெற்றோலைச் சொட்டுக் கணக்கில் செலவழித்தவர்கள். பொருளாதாரத் தடையால் பெற்றோல் வராது, ஓடியது மண்ணெண்ணெயில். இயந்திரம் குளிர்ந்திருந்தால் மண்ணெண்ணெய் பற்றாது. அதனால் சின்னப் போத்தலில் பத்திரப்படுத்திய பெற்றோலைக் காபரேற்றருக்குள் இரண்டு சொட்டு விட்டு உதைப்பார்கள். அப்பா அந்தப் போத்தலை மருந்துப் போத்தல் மாதிரி அலுமாரியில் வைத்திருந்தார். பிறகு 2022இல் மறுபடியும் பெற்றோல் செட் வரிசை, கியூஆர் கோட், கையில் தண்ணீர்ப் போத்தலோடு விடிய விடியக் காத்திருப்பு. எரிபொருள் இல்லாத வாகனம் வெறும் இரும்பு என்பதை எங்களுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை.

போர் விமானத்துக்கும் அதே விதிதான், இன்னும் கடுமையாக. எஃப்-16 விமானத்தின் உள் தாங்கிகள் ஏறக்குறைய 3,200 கிலோ எரிபொருள் கொள்ளும். கேட்கப் பெரிய தொகை. ஆனால் கடல் மட்டத்துக்கு அண்மையில் ஆஃப்டர்பேர்னரை, அதாவது இயந்திரத்தின் பின்பகுதியில் மேலதிக எரிபொருளை எரித்துத் தள்ளுவிசை கூட்டும் அமைப்பை, முழுதாகத் திறந்துவிட்டால் அது பத்து நிமிடம்கூடத் தாங்காது. சாதாரணமாகப் பறந்தாலும் தூரப் பயணத்துக்குப் போதாது. அதற்காகத்தான் இன்னொரு பெரிய விமானம் எரிபொருளைச் சுமந்துகொண்டு வானத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. எங்கள் பேச்சில் சொன்னால் பறக்கிற பவுசர். ஆங்கிலத்தில் அதை டாங்கர் என்பார்கள். கேசி-135 என்ற டாங்கர் ஏறத்தாழ 90,000 கிலோ எரிபொருள் வரை கொடுக்கக்கூடியது. அதற்குப் பின்னால் போய், இரண்டு விமானமும் பறந்துகொண்டிருக்கும்போதே குழாயால் இணைந்து நிரப்பிக்கொள்வதுதான் வானில் எரிபொருள் நிரப்புதல்.

டிசிஎஸ் வேர்ல்ட், ஃபால்கன் பிஎம்எஸ் போன்ற, கணினியில் போர் விமானம் ஓட்டிப் பழகும் சிமுலேற்றர் விளையாட்டுகளில் பலர் கைவிடுகிற இடம் இதுதான். விமானந்தாங்கிக் கப்பலில் விமானத்தை இறக்கப் பழகியவர்கள்கூட டாங்கருக்குப் பின்னால் வியர்த்துப்போய் ஜொய்ஸ்டிக்கை வைத்துவிடுவார்கள். என் அக்காவின் மகன் ஓ.எல். பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்த காலத்தில் என்னிடம் பழக வந்தான். மூன்றாம் நாள், "மாமா, இது எனக்கு ஏலாது. விடுவம்" என்றான். அவனுக்காக யோசித்ததுதான் இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி.

அதற்கு முன் ஒரு விடயத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் போர் விமானம் பொழுதுபோக்குப் பொருள் இல்லை. கிபிர், புக்காரா, சகடை என்று சத்தத்தை வைத்தே பெயர் சொல்லத் தெரிந்த பிள்ளைகளாக நாங்கள் பங்கருக்குள் வளர்ந்தோம். என் அம்மாவுக்கு இன்றைக்கும் நான் அந்த விளையாட்டின் சத்தத்தைத் திறந்துவிட்டால் பிடிக்காது. நான் ஹெட்ஃபோன் போட்டுத்தான் பறப்பேன். அந்த விளையாட்டுகளில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி எரிபொருள் நிரப்புவது. யாரும் யாரையும் சுடாத, இரண்டு பேர் ஒருவரை ஒருவர் நம்பி நெருங்கி நிற்கிற சில நிமிடங்கள் அவை. டாங்கரும் போரின் உறுப்புத்தான் என்பதை மறக்கவில்லை. 1982இல் ஒரேயொரு வல்கன் குண்டுவீச்சு விமானத்தை அத்திலாந்திக் கடலின் அசென்ஷன் தீவிலிருந்து ஃபோக்லாந்துத் தீவுகளுக்குக் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவரப் பிரித்தானியர் பதினொரு விக்டர் டாங்கர்களை ஏவினார்கள். ஆனாலும் அந்த நுட்பத்தின் அழகு என்னை விடவில்லை.

முதன்முதல் இது நடந்தது 1923 ஜூன் 27இல், அமெரிக்காவின் சான் டியேகோவில். மேலே பறந்த விமானத்திலிருந்து ஒரு ரப்பர் குழாயைத் தொங்கவிட்டார்கள். கீழே பறந்த விமானத்தில் இருந்தவர் அதைக் கையால் எட்டிப் பிடித்துத் தாங்கிக்குள் செருகினார். இன்றைக்கு இரண்டு முறைகள் இருக்கின்றன. எந்த விமானத்தில் பழகப் போகிறீர்கள் என்பதை அவை தீர்மானிக்கும் என்பதால் இரண்டையும் விளங்கிக்கொள்ள வேண்டும்.

ஒன்று பூம் முறை. பழைய தோட்டக் கிணறுகளில் துலா இறைத்ததைக் கண்டவர்களுக்கு இது உடனே பிடிபடும். டாங்கரின் வாலடியிலிருந்து நீண்டு சுருங்கக்கூடிய ஒரு விறைப்பான குழாய் சரிந்து இறங்கும். அதன் பக்கங்களில் சிறு சிறகுகள் உண்டு. டாங்கரில் இருக்கும் பூம் இயக்குநர் அந்தச் சிறகுகளால் குழாயை அங்குமிங்கும் ஓட்டி, உங்கள் விமானத்தில் இருக்கும் வாயில் கொண்டுவந்து செருகுவார். உங்களுடைய வேலை அசையாமல் நிற்பது மட்டும். எஃப்-16, எஃப்-15, ஏ-10 எல்லாம் இந்த வகை. ஏ-10க்கு அந்த வாய் விமானியின் முன்னால் மூக்கில் இருப்பதால் குழாய் வருவது கண்ணுக்குத் தெரியும். எஃப்-16க்கு அது விமானியின் முதுகுக்குப் பின்னால். தலைக்கு மேலால் குழாய் போகும். போய் எங்கே செருகியது என்று பார்க்க முடியாது.

மற்றது கூடை முறை. டாங்கர் ஒரு வளையும் குழாயைப் பின்னால் இழுத்துக்கொண்டு போகும்; அதன் நுனியில் பூப்பந்து வடிவில் ஒரு கூடை. உங்கள் விமானத்தின் மூக்கருகே இருக்கும் குழாயை நீங்களே கொண்டுபோய் அந்தக் கூடைக்குள் செருக வேண்டும். எஃப்/ஏ-18 ஹோர்னெட், எஃப்-14, மிராஜ் 2000, ரஷ்ய சு-33 ஆகியவை இப்படித்தான். இதில் இணைக்கும் வேலை முழுவதும் உங்கள் கையில். ஆனால் செருகிய பிறகு டாங்கரின் குழாய் வளைந்து கொடுக்கும் என்பதால் நிற்பதற்குச் சற்றுச் சுலபம். புதிதாகப் பழகுபவருக்கு நான் சொல்வது ஏ-10 அல்லது ஹோர்னெட். ஏ-10க்காக டாங்கரே மெதுவாகப் பறக்கும், எல்லாம் ஆறுதலாக நடக்கும்.

ஏன் இவ்வளவு கடினம் என்பதற்கு வருவோம். இது விளங்காமல் நூறு மணித்தியாலம் பழகினாலும் கை திருந்தாது.

குறிகட்டுவானில் இருந்து நயினாதீவுக்குப் படகில் போகும்போது ஓட்டியின் கையைக் கவனித்திருக்கிறீர்களா? இறங்குதுறைக்கு வந்துசேர்ந்த பிறகு அவர் இயந்திரத்தைக் குறைப்பதில்லை. எவ்வளவோ முன்னதாகவே குறைத்துவிடுவார். பிறகு படகு தானாக ஊர்ந்து வரும். கடைசியில் ஒரு கணம் பின்னோக்கி இயக்குவார். படகு துறையை உரசி நிற்கும். படகுக்குப் பிரேக் இல்லை என்பது அவர் உடம்புக்கே தெரியும்.

விமானமும் அப்படித்தான். இயந்திரத்தின் வலுவைக் கூட்டிக் குறைக்கும் பிடியான த்ரொட்டிலைத் தள்ளினால் உங்கள் இடம் உடனே மாறாது. முதலில் இயந்திரத்தின் தள்ளுவிசை மாறும், ஜெட் இயந்திரம் சுழற்சி கூடுவதற்கே சற்று நேரம் எடுக்கும். அந்த விசை கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தைக் கூட்டும். அந்த வேகம் கொஞ்சம் கொஞ்சமாக இடத்தை மாற்றும். புதியவர் என்ன செய்கிறார்? ஐந்து மீற்றர் பின்தங்கிவிட்டதைக் காண்கிறார், த்ரொட்டிலைத் தள்ளுகிறார். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் தள்ளுகிறார். முதலில் தள்ளியதும் பிறகு தள்ளியதும் சேர்ந்து வந்து அவரை டாங்கரின் வயிற்றுக்குக் கீழே கொண்டுபோய் விடுகின்றன. பயந்து முழுவதும் இழுக்கிறார். இப்போது ஐம்பது மீற்றர் பின்னால். மேலும் கீழுமாகவும் இதே கதைதான். விமானம் ஊஞ்சல் ஆடத் தொடங்கும். ஆட்டுவது காற்று இல்லை, விமானியின் கை.

மருந்து ஒன்றுதான்: ஒவ்வொரு தள்ளலுக்கும் உடனே ஒரு மீட்டல். முன்னுக்குப் போக வேண்டுமா, த்ரொட்டிலை ஒரு நெல்லளவு தள்ளுங்கள். விமானம் நகரத் தொடங்கும் அறிகுறி தெரிந்ததும், போய்ச் சேருவதற்கு முன்பே, இரண்டு நெல்லளவு இழுங்கள். நின்றதும் ஒரு நெல்லளவு திரும்பத் தள்ளிப் பழைய இடத்தில் விடுங்கள். தள்ளு, இழு, விடு. இந்த மூன்றும் ஒரே அசைவாகக் கைக்கு வரும் நாளில் பாதி வேலை முடிந்தது.

மற்றப் பாதி கண். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது சிநேகிதனின் தோளில் கை போட்டபடி இரண்டு சைக்கிள் சமாந்தரமாக ஓடிய பழக்கம் எங்களில் அநேகம் பேருக்கு உண்டு. அப்போது நாங்கள் தோளில் இருக்கும் கையையா பார்த்தோம்? இல்லை. அவனையும் றோட்டையும் சேர்த்துப் பார்த்தோம், கை தானாக நின்றது. டாங்கருக்குப் பின்னாலும் கூடையையோ பூமையோ உற்றுப் பார்க்கக் கூடாது. கூடை காற்றில் ஆடும். அதைத் துரத்தினால் நீங்களும் ஆடுவீர்கள். டாங்கரின் உடலைப் பாருங்கள். அதன் சிறகும் இயந்திரங்களும் உங்கள் கண்ணாடிச் சட்டத்தில் எந்த இடத்தில் தெரிகின்றன என்று மனதில் பதியுங்கள். டாங்கர் திரும்பும்போது அடிவானத்தை மறந்துவிடுங்கள். அந்த நேரத்தில் டாங்கர்தான் உங்களுக்கு நிலம்.

"கஷ்டம்தான் இதன் சுவை, சுலபமாக்கினால் அது சிமுலேற்றரே இல்லை" என்று வாதிடுபவர்கள் உண்டு. நான் அவர்களை மதிக்கிறேன், ஆனால் உடன்படவில்லை. உண்மையான விமானி தனியாக இதைப் பழகுவதில்லை. பின் இருக்கையிலோ பக்கத்து விமானத்திலோ ஆசிரியர் இருப்பார். டாங்கரில் இருக்கும் பூம் இயக்குநர் வானொலியில், முன்னுக்கு பத்து, ஐந்து, மூன்று என்று எண்ணிச் சொல்லுவார். கேசி-135இன் வயிற்றுக்குக் கீழே இரண்டு வரிசை விளக்குகள் இருக்கின்றன: விமானியின் பார்வையில் இடது வரிசை மேலே கீழே என்றும், வலது வரிசை முன்னே பின்னே என்றும் வழிகாட்டும். இவை எல்லாம் எதற்கு? வேலையைச் சுலபமாக்கத்தானே. உண்மை உலகம் இன்னும் தூரம் போய்விட்டது. 2015 ஏப்ரல் 22இல் எக்ஸ்-47பி என்ற ஆளில்லா விமானம் தானாகவே டாங்கருடன் இணைந்தது. 2022 ஜூலையில் எயார்பஸ் ஏ330 எம்ஆர்டிடி டாங்கரின் பூம், பகல் நேரத்தில் தானியங்கியாக இணைவதற்குச் சான்றிதழ் பெற்றது. அங்கே இவ்வளவு உதவி இருக்க, மலிவு ஜொய்ஸ்டிக்கோடு தட்டையான ஒரு திரைக்கு முன்னால், தூரத்தின் ஆழம் தெரியாமல், முதுகில் காற்றின் அதிர்வும் உணராமல் தனியே இருக்கும் பிள்ளையிடம் எல்லாவற்றையும் முதல் நாளே எதிர்பார்ப்பது நியாயம் இல்லை.

அதனால் சிமுலேற்றர் செய்பவர்களிடம் நான் கேட்பது படிப்படியான உதவி. இது புதுக் கோரிக்கையும் இல்லை. 1998இல் வந்த ஃபால்கன் 4.0 விளையாட்டிலேயே எரிபொருள் நிரப்புவதற்கு மட்டும் தனியாக இலகு முதல் மெய்நிலை வரை தெரிவுகள் இருந்தன. இணைப்புக்கு நிற்க வேண்டிய எல்லையைத் தொடக்கத்தில் அகலமாக வைத்துப் பிறகு சுருக்கலாம். இணைந்த பின் விமானத்தை மெல்லப் பிடித்து வைக்கிற விசையை நூறு வீதத்திலிருந்து பூச்சியம் வரை நாமே குறைத்துக்கொள்ள விடலாம். முக்கியமாக, பூம் இயக்குநரின் குரல். "இணைந்தது", "விலகியது" என்று முடிவை அறிவிக்கும் குரல் போதாது. இரண்டு மீற்றர் முன்னுக்கு, அரை மீற்றர் கீழே, நில், நல்லது என்று வழி நடத்துகிற குரல் வேண்டும். கண் பார்வை குறைந்தவருக்கும், சின்ன மடிகணினித் திரையில் விளையாடுபவருக்கும் அந்தக் குரல் ஒன்றே பாதி உதவி.

என் மருமகனுக்கு ஏன் ஏலாமல் போனது என்று பிறகுதான் தெரிந்தது. அந்த விளக்குகளில் நடுவில் பச்சை, ஓரத்தில் சிவப்பு. அவனுக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுத்திருக்கவில்லை. "நிறத்தை விடு தம்பி. எந்த இடத்தில வெளிச்சம் நிக்குது எண்டு மட்டும் பார். நடுவில நிண்டால் சரி" என்றேன். அவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "அப்ப அது இடத்திலயும் இருக்கே, மாமா? நான் நிறத்தை மட்டும் எண்டெல்லோ நினைச்சன்" என்றான். அதன் பிறகு நான் பின்னால் கதிரையில் இருந்து பூம் இயக்குநராகக் குரல் கொடுத்தேன். நீலம், செம்மஞ்சள் என்று நிறத்தை மாற்றும் ஒரு தெரிவு எல்லா விளையாட்டிலும் இருந்தால் அவனைப் போன்ற பிள்ளைகள் மூன்று நாளைக் கண்ணீரோடு கழிக்க வேண்டியதில்லை.

அவர்கள் செய்யும் வரை நாமே செய்துகொள்ளக்கூடியவை நிறைய உண்டு. டிசிஎஸ்ஸில் பணி உருவாக்கும் கருவி இருக்கிறது. அதில் உங்களுக்கென்று ஒரு பயிற்சியை வையுங்கள்: பகல் வெளிச்சம், காற்றும் குலுக்கமும் பூச்சியம், டாங்கர் நீண்ட நேர்கோட்டில் போகிறது, உங்கள் விமானம் ஏற்கெனவே வானத்தில், டாங்கருக்கு ஓரிரு கிலோமீற்றர் பின்னால். குண்டு எதுவும் தொங்க வேண்டாம், எரிபொருள் அரைவாசி போதும்; பாரம் குறைந்த விமானம் சொன்னதைக் கேட்கும். தெரிவுகளில் முன் விமானத்தின் காற்றுச் சுழலை நிறுத்தி வைக்கலாம். எரிபொருள் தீராத தெரிவையும் போடுங்கள். தீர்ந்துவிடுமே என்ற பதற்றம் கையை இறுக்கும், இறுகிய கை ஆட்டும்.

ஜொய்ஸ்டிக் அமைப்பில் வளைவு என்று ஒரு தெரிவு இருக்கும். அதை 15, 20 அளவில் வைத்தால் நடுவில் சிறு அசைவுகள் இன்னும் மென்மையாகும். பழைய ஜொய்ஸ்டிக்குகளில் உள்ளே உராயும் பாகம் தேய்ந்து, கை அசையாவிட்டாலும் எண் துள்ளும். அப்படியென்றால் கொஞ்சம் நடு இடைவெளி, அதாவது நடுவில் சிறு அசைவுகளைக் கணக்கெடுக்காத ஒரு பகுதி, விடுங்கள். காந்த உணரி வைத்தவை அப்படித் தேய்வதில்லை, புதிதாக வாங்குபவர்கள் அதைக் கேட்டு வாங்குங்கள். முழங்கையைத் தொடையில் ஊன்றி, விரல் நுனியால் மட்டும் பிடியுங்கள். மூச்சை அடக்கிக்கொண்டிருப்பதை உணர்ந்தால் கால்விரல்களை ஆட்டுங்கள். உண்மை விமானிகளும் சொல்லும் உபாயம் இது. காலில் கவனம் போனதும் தோள் தானாக இளகும்.

முதல் நாள் இணைய முயலவே வேண்டாம். டாங்கருக்குப் பின்னால் இருபது மீற்றரில் ஐந்து நிமிடம் நின்று காட்டுங்கள். அது முடிந்த பிறகுதான் வானொலியில் நிரப்ப வருவதாக அறிவித்து, பின்னால் ஆயத்த நிலையில் நின்று, அனுமதி கேட்டு முன்னேற வேண்டும். முன்னேறும் வேகம் டாங்கரைவிட மூன்று நொட் கூட, அவ்வளவுதான். மணிக்கு ஐந்தரைக் கிலோமீற்றர், நல்லூர்த் தேர் முட்டியிலிருந்து கோயில் வாசலுக்கு நடக்கிற வேகம். இரண்டு விமானமும் மணிக்கு 500 கிலோமீற்றருக்கு மேல் பறந்தாலும் உங்கள் இருவருக்கும் இடையில் நடப்பது நடைதான். கூடை முறையில் இதைவிட மெதுவாகப் போனால் உங்கள் மூக்கு தள்ளும் காற்று கூடையை விலக்கிக்கொண்டே இருக்கும். வேகமாகப் போய் இடித்தால் குழாயில் அலை எழுந்து சாட்டை மாதிரி அடிக்கும். செருகிய பிறகு இன்னும் சற்று முன்னே தள்ளி நில்லுங்கள், குழாய் கொஞ்சம் சுருண்டால்தான் எரிபொருள் ஓடும். கூடை தவறினால் துரத்தாதீர்கள். பின்வாங்கி, நின்று, மறுபடி வாருங்கள்.

பத்து விநாடி நின்று கழன்றால் அது தோல்வி இல்லை, பத்து விநாடி எரிபொருள். உண்மையிலும் சிலவேளை கழன்று, மறுபடி இணைந்து நிரப்புகிறார்கள். என் மருமகன் முதல் முறை நின்றது பதினொரு விநாடி. அன்றைக்கு அவ்வளவுடன் நிறுத்தச் சொன்னேன், இருபது நிமிடத்துக்கு மேல் போனால் களைத்த கை பிழையைத்தான் பழகும்.

நிரம்பியதும் அவசரப்பட்டு மேலே ஏறாதீர்கள், தலைக்கு மேல் டாங்கர் இருக்கிறது. த்ரொட்டிலை ஒரு நெல்லளவு இழுத்து நேராகப் பின்னுக்கு வாருங்கள். குழாய் முழுதாக விலகியதைக் கண்ணால் பார்த்த பிறகு, சற்றுக் கீழிறங்கி, டாங்கரின் வலது சிறகுப் பக்கமாக ஒதுங்கி நில்லுங்கள். இடது பக்கத்தில் அடுத்தவர் தன் முறைக்காகக் காத்துக்கொண்டிருப்பார்.